கேஸ் ஏறட்டும்

நவம்பர் 8
வீட்டில் காய்ச்சிய பீர், பாதி கெக் என்கிற எஃகுப் பீப்பாயில், பாதி பாட்டிலில். பாட்டிலுக்கான ஒன்பதரை லிட்டருக்கு 60 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்தது. ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் விடும். மிஞ்சியதைப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் பிடித்து, காற்றை நசுக்கி வெளியேற்றி மூடினேன். கண்ணாடிக்குள் நடப்பது தெரியாது. பிளாஸ்டிக்கை அமுக்கினால் தெரிந்துவிடும்.

நவம்பர் 9
அமுக்கினேன். தொளதொள. விசா வக்கீலிடமிருந்து மெயில் இல்லை.

நவம்பர் 11
தூக்கமில்லை. பேஸ்மென்ட்டில் 15 டிகிரி. ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும், 21 ஆவது வேண்டும். பெட்டிகளை மாடிக்குத் தூக்கி, துணி அலமாரிக்குள் வைத்தேன்.

"வெடிச்சா என் புடவைங்க?" என்றாள் மனைவி.

வெடிக்காது. பீரின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.010-ஐ விட்டு அசையாமல் நின்ற பிறகுதான் அடைத்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்காத பீரை அடைத்தால் வெடிக்கும். இவ்வளவும் சொன்னேன். புடவைகளை எடுத்துவிட்டாள். "எப்படியும் பெட்டி கட்டணும்ல."

நவம்பர் 12
கெக்குக்குக் கேஸ் ஏற்றும் கரியமில வாயு சிலிண்டரைத் தராசில் வைத்தால் பாதி காலி! அழுத்த மீட்டர் முள் மட்டும் அசையவே இல்லை. உள்ளே திரவம் இருக்கும்வரை அசையாது, தீர்ந்ததும் ஒரேயடியாக விழும். சோப்புத் தண்ணீர் தடவினேன். கெக்கில் கேஸ் நுழையும் கேஸ் போஸ்ட்டில் குமிழி. வால்வை மூடி, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஆர்டர் போட்டாயிற்று.

நவம்பர் 14
வேலைக்குப் போன் இன்டர்வியூ. நன்றாகத்தான் போனது. பிளாஸ்டிக் கொஞ்சம் விறைப்பு.

நவம்பர் 15
இல்லையாம்.

ஓ-ரிங் வந்தது. 3 டிகிரிக் குளிரில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்து ஒரு வாரத்துக்கு மேல் காத்திருப்பதுதான் முறை. 30 வைத்து, கெக்கை மடியில் போட்டு உருட்டினேன். உருட்ட உருட்ட உள்ளே கேஸ் போகிற சத்தம். இப்படி ஏற்றினால் குமிழி முரடாம், பாட்டிலில் தானாக ஊறினால்தான் பட்டு மாதிரியாம். கதை. கரைந்த கரியமில வாயுவுக்குப் பிறந்த ஊர் எல்லாம் கிடையாது.

நவம்பர் 17
கல் மாதிரி ஆகிவிட்டது பிளாஸ்டிக். மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன்.

நவம்பர் 19
1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டபின்தான் இங்கே அமெரிக்காவிலேயே வீட்டில் பீர் காய்ச்சலாம் என்று ஆனது. ஊரில், தமிழ்நாட்டில், 1937-இன் மதுவிலக்குச் சட்டம். கெக்கைக் கொண்டுபோய் அங்கே மோரா ஊற்றுவது?

விற்க விளம்பரம் போட்டேன்.

நவம்பர் 22
கெக், ரெகுலேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து 120 டாலர். வாங்க வந்தவர் பாட்டில் பீருக்கும் காசு நீட்டினார். வீட்டு பீரை விற்கக் கூடாது என்றேன், சிரித்தார். ஒரு பெட்டி சும்மா கொடுத்தேன். இன்னும் நாலு நாள் வெளியே இருக்கட்டும், அப்புறம் ஃப்ரிட்ஜ்.