ஏரிக்கரையின் மறுபக்கம்

அக்டோபர் 12, ஞாயிறு

செங்கல்பட்டிலிருந்து மாமா வந்திருக்கிறார். பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் ஏரிகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் உள்ள ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனேன். எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் படம் எடுக்க, இவர் மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்த்து, "வீடெல்லாம் கரைக்குக் கீழ இருக்கேம்மா?" என்றார். ஏரித் தண்ணீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு வயல்தானே, பள்ளமாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

ராத்திரி நல்ல மழை. கரையின் அடியில் ஓரிடத்தில் ஈரம் கசிந்து ஓடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமா அசரவில்லை. மண்கரை என்றால் கசியத்தான் செய்யுமாம். கசிகிற நீரின் நிறம்தான் முக்கியமாம். தெளிவாக வந்தால் உடனடி பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. வெளியே தொடங்கும் சின்ன ஓட்டை, ஏரியை நோக்கி உள்ளே உள்ளே வளரும். நீர்ப்பக்கம் எட்டிவிட்டால் அப்புறம் சில மணி நேரம்கூடத் தாங்காது.

கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தோம். தெளிவுதான். "சிமென்ட் வெச்சுப் பூசிடலாமே சார்?" என்றார் காவலாளி. அதுதான் கூடவே கூடாதாம். வழியை அடைத்தால் தண்ணீர் உள்ளே அழுத்தம் ஏற்றி வேறிடத்தில் பிய்க்கும். முதலில் மணல், அதன்மேல் ஜல்லி போட்டால் நீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி மறுநாள், வீடு முழுக்கப் பலகாரம். பேச்சு திவரே அணைக்குப் போனது. 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் உடைந்த மண் அணை. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு நண்டுதான் காரணம் என்றார் ஒரு அமைச்சர், நாடே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துளை எல்லாமே கரைக்குக் கெடுதல்தான் என்றார். "நண்டு இருந்துச்சு சரி, வளையை அடைக்க ஆள் இருந்துச்சா?"

அதே வருடம் நவம்பரில் இங்கே ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கரையில் யாரோ தோண்டியதுதான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எங்கள் கரையிலோ வரிசையாகப் பூமரம் நட்டிருக்கிறோம், பெயர்ப்பலகையோடு.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று கலிங்குப் பக்கம் போனோம், ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். அதன் மேல் மணல் மூட்டை! ஏரி எப்போதும் தளும்பி நின்றால் அழகு என்று யாரோ அடுக்கியிருக்கிறார்கள். மாமாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. நிறைமட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே விட்டிருக்கும் உயரம் பெருமழைக்கானது. அதைத் தின்றுவிட்டால் தண்ணீர் கரை மேலேயே வழியும். வழிந்தால் மண் கரையும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே மச்சு-2 அணையில் வெள்ளம் மேலே வழிந்தபோது, நடுவில் இருந்த கல் கட்டுமானம் அசையாமல் நின்றது; இரு பக்கத்து மண்கரைதான் அடித்துக்கொண்டு போனது.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கவனிக்காதா என்று கேட்டேன். 15 மீட்டருக்கு மேல் உயரமானவைதான் அதில் வருமாம். 10 மீட்டருக்கு மேல் என்றால் சில நிபந்தனைகளோடு. எங்கள் கரை மூன்று ஆள் உயரம்கூட இல்லை.

குடியிருப்போர் சங்கக் குழுவில் மூட்டைகளின் படத்தைப் போட்டேன். "கோடையில் தண்ணீர் வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். மாமா பதில் எழுதச் சொன்னார்: கோடைக்குத் தண்ணீர் வேண்டுமானால் தூர் வாருங்கள். நாளைக் காலை மூட்டைகளை எடுக்கிறோம், ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்வெட்டி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.