வளைகுடா கிளம்பும் முன் சிம் கம்பெனி மாற்றுகிறீர்களா?

மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் போர்ட்டிங்கை, அதாவது நம்பர் மாறாமல் கம்பெனி மாற்றுவதை, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் போர்ட்டிங்குக்கான கோடு (code) வரும்.

PORT என ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் நம்பரைச் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். 8 எழுத்துக் கோடு வரும். தமிழ்நாட்டில் 4 நாள்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதிய கம்பெனியின் கடைக்குப் போய்விடுங்கள். மாற 3 வேலை நாள் ஆகும். பழைய பேலன்ஸ் போனது போனதுதான், பழைய சிம்மில் புதிதாக ரீசார்ஜ் போடாதீர்கள்.

மலிவு பிளான் முக்கியமில்லை. உங்கள் தெருவில் டவர் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் வங்கி ஓடிபி வர, ரோமிங்கை இங்கேயே ஆன் செய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.