டீச்சர், இப்ப வக்கீலா?

02 ஜூன் 2025, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, பள்ளி திறக்கும் நாளில் வீட்டில் இருக்கிறேன். எட்டரை மணிக்குத் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் கை தானாக ஸ்கூட்டி சாவியைத் தேடியது. "எங்க கெளம்பிட்ட?" என்றார் மாமியார். எங்கேயும் இல்லை.

ராஜினாமா என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வேலை, அதுவும் தொகுப்பூதியத்தில். தொகுப்பூதியத்தில் இருந்தவளுக்கு என்ன ராஜினாமா. ஒரு தாளில் நாலு வரி எழுதி எங்கள் ஆபீஸான வட்டார வள மையத்தில் கொடுத்தேன், அவ்வளவுதான். கடைசி வருடம் என் கணக்கில் பதினொரு பள்ளி, நாற்பத்தேழு பிள்ளைகள். தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. அந்தச் செய்தியை நெல்லிக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நின்று படித்தேன், ஒரு பள்ளி முடித்து அடுத்த பள்ளிக்குப் போகிற வழியில்.

இனி என்ன செய்வாய் என்று கேட்கிறவர்களிடம் "பிள்ளைங்களுக்காகப் பேசப் போறேன்" என்றால் சிரிக்கிறார்கள். நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: ஸ்பெஷல் எஜுகேஷன் அட்வகேட். அவள் மகனுக்கு ஆட்டிசம். பள்ளியில் கூட்டம் என்றால் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த அம்மாளும் முன்பு சிறப்பாசிரியர்தான். அங்கே இந்த வேலைக்கு லைசென்ஸ் ஒன்றும் கிடையாதாம். 1975-இல் வந்த சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு தனிக் கல்வித் திட்டம் போட வேண்டும். அதைப் போடுகிற கூட்டத்தில் அப்பா அம்மாவுக்கு நாற்காலி உண்டு. பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்து வரவும் உரிமை உண்டு. இங்கே அப்படிப்பட்ட கூட்டமே இல்லை. தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று பேசுவதுதான் கூட்டம்.

அட்வகேட் என்ற சொல்லை எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. சாயங்காலம் வந்து நிற்கிறார். "எப்ப கோட்டு தைக்கப் போற? எங்க வரப்புத் தகராறு ஒண்ணு ரொம்ப நாளா இழுக்குது."

05 ஜூன், வியாழன்

முதல் போன். பெயர்கள் எழுதப் போவதில்லை. பையனை வீட்டில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பன்னிரண்டு வயது. மூளை முடக்குவாதம், மாற்றுத்திறனாளி அட்டையில் குறைபாடு 75 சதவீதம். வாக்கர் பிடித்து நடப்பான். பேச்சு தெளிவில்லை, ஆனால் நாம் பேசுவது ஒன்று விடாமல் புரியும். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், வீட்டைச் சுற்றிக் கரும்பு.

பதிவேட்டில் ஏழாம் வகுப்பு மாணவன். உண்மையில் வீட்டுவழிக் கல்வி. வாரத்தில் ஒரு நாள் சிறப்பாசிரியர் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். நாலு வருடம் அந்த ஆசிரியர் நான்தான்.

"டீச்சர், பள்ளிக்கூடம் போறேன்னு அடம் புடிக்கிறான். யூனிபார்ம போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கான். நீங்கதான் இப்ப வெளிய வந்துட்டீங்களே, ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள் அவன் அம்மா.

வெளியே வந்துவிட்டீர்களே. ஜெயிலிலிருந்து வந்தவளிடம் சொல்வதுபோல் இருந்தது.

12 ஜூன், வியாழன்

பள்ளிக்குப் போனேன். பழக்கப்பட்ட இடம்தான், சத்துணவு அம்மா டீ கூடக் கொடுத்தார். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். "நீங்களே இங்க இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? ஏழாம் வகுப்பு மாடியில. விழுந்து வெச்சான்னா யாரு பதில் சொல்றது?"

அவர் மணி அடிக்கப் போன நேரத்தில் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து வராந்தா 45 சென்டிமீட்டர் உயரம். ரேம்ப் 180 சென்டிமீட்டர் நீளம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு. 45-க்கு 540 வர வேண்டும். இருப்பதில் மூன்று மடங்கு. இது ரேம்ப் இல்லை, சறுக்குமரம். வாக்கர் வைத்த பிள்ளை ஏறவும் முடியாது, இறங்கினால் மூக்கு உடையும். பதினான்கு வருடமாக "ரேம்ப்: உண்டு" என்று டிக் அடித்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று. ஒரு நாளாவது அளந்தேனா?

அவர் திரும்பி வந்ததும், வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "சேர்க்க முடியாதுன்னா அத எழுதிக் குடுத்துடுங்க சார்." வேலையில் இருந்தவரை இந்த வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் மறுநாள் வள மையத்திலிருந்து போன் வந்திருக்கும். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மேடம் என்று கூப்பிடத் தொடங்கினார். அதுவரை டீச்சர்.

எழுதிக் கொடுக்கவில்லை.

16 ஜூன், திங்கள்

கடலூர் மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ். மக்கள் குறைதீர்க்கும் நாள். தம்பியின் அம்மா காலையில் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். நான் ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கல்வி உரிமைச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தம்பியின் மருத்துவ வரலாறு, சமூகத்தின் மனசாட்சி எல்லாம் அதில் இருந்தது.

வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஒருவர். அவரிடம் ஸ்டேப்ளர் கேட்கப் போய் மாட்டிக்கொண்டேன். நாலு பக்கத்தையும் புரட்டினார்.

"இதென்னம்மா, ராமாயணமா? உள்ள அரை நிமிஷம்தான் பாப்பாங்க. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. யாரு, எந்த ஊரு, என்ன வேணும், எந்தச் சட்டம். மனசாட்சிய எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அரைப் பக்கம் நின்றது. 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி உரிமை. 16-ஆம் பிரிவு, கட்டடத்தைப் பிள்ளை வந்து போகிற மாதிரி ஆக்கித் தருவது பள்ளியின் கடமை. கோரிக்கை: ஏழாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். பெரியவர் காசு வாங்கவில்லை. "நீ போட்டிக்கு வந்திருக்க, உங்கிட்ட எப்படி வாங்குறது?"

மனு எண் போட்ட சீட்டை அவள் நாலாக மடித்துத் தாலிக்கயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். இந்த வேலையின் முதல் பாடமே அதுதான் போலிருக்கிறது. பாதி வேலை ஜெராக்ஸ் கடையில்.

21 ஜூன், சனி

எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பு பொய்.

தம்பியின் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. "பெற்றோரின் விருப்பத்தின் பேரில் வீட்டுவழிக் கல்வி." கீழே அவன் அம்மாவின் கையெழுத்து. மேலே உள்ள வரியை எழுதிய கையும் மசியும் என்னுடையவை. 2021-இல் எழுதியது. பலவகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்தார்கள். தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை. பள்ளி தேர்ந்தெடுத்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது அதில் இல்லை. அன்று நான் செய்தது அதைத்தான். அடுத்து மூன்று வீடு போக வேண்டியிருந்தது. பேனாவை நீட்டினேன், கையெழுத்துப் போட்டாள்.

நாளை இந்தத் தாளைத்தான் எங்கள் முன்னால் நீட்டுவார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இன்று போய்ச் சொல்லிவிட்டேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும் டீச்சர். படிக்கத் தெரியாதவளா நான்? அன்னிக்கு எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு. சின்னவ கைக்குழந்தை. இவனத் தூக்கிட்டு அலைய முடியல." அவரைக்காய் முறத்தை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேருமாக உரித்தோம்.

08 ஜூலை, செவ்வாய்

செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதிவிட்டது. பிள்ளைகள். வேறு எதுவும் எழுத வரவில்லை.

10 ஜூலை, வியாழன்

தம்பியின் அம்மா. "வேணாம் டீச்சர், அவன் வீட்லயே இருக்கட்டும்." நான் எதுவும் சொல்லவில்லை. இந்த வாரம் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

14 ஜூலை, திங்கள்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் விசாரித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987 சட்டம், 12-ஆம் பிரிவு. இத்தனை வருடத்தில் ஒரு தாய்க்குக் கூட இதை நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. சட்டத் தன்னார்வலராகச் சேர வழி இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போட வேண்டும்.

கோர்ட்டில் நான் வாதாட முடியாது, அதற்குப் பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் எழுத வக்கீல் தேவையில்லை. விசாரணையில் ஆளை வரவழைக்கவும், ஆவணம் கேட்கவும் அவருக்குச் சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. எதிர்வீட்டு அக்காவிடம் இதை விளக்கினேன். "அப்ப வரப்பு கேஸ் எடுக்க மாட்டியா?"

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

கூழ் ஊற்றிய வீட்டில் நின்றபடியே இரண்டு அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பத்தாம் வகுப்பில் டிஸ்லெக்சியா உள்ள பையன், வாசிப்பதே சிரமம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம், ஆனால் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக இப்போதே தொடங்க வேண்டும் என்றேன். மார்ச்சில் அழுதுகொண்டு வருகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

காசு? யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருத்தி பலாச்சுளை கொடுத்தாள், பண்ருட்டிப் பழம். சிறப்பாசிரியர்களுக்கான மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இன்னும் உயிரோடு இருப்பதால், சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு வீட்டில் பயிற்சி கொடுக்கிறேன். அதுதான் இப்போதைக்குக் குடும்பத்தை ஓட்டுகிறது. நியூஜெர்சி மணிக்கணக்கை இங்கே யாரிடமும் சொல்வதில்லை.

25 ஜூலை, வெள்ளி

தம்பி மறுபடி யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டானாம். அம்மா தோற்றுப்போய் போன் செய்தாள்.

மனு மேலிருந்து கீழே இறங்கி வந்து, இன்று பள்ளியில் பேச்சு. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், தலைமையாசிரியர், அம்மா, நான், தம்பி. தம்பியைக் கூட்டி வரச் சொன்னது நான். எதிர்பார்த்தபடி அந்தத் தாளை எடுத்து நீட்டினார்கள். "அது நான் எழுதினது சார், தப்பா எழுதினது" என்றேன். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கீழ்த்தளம், ரேம்ப், துணைக்கு வரும் ஆளுக்கு உதவித்தொகை என்று நாங்கள் நாலு பேரும் அரை மணி நேரம் பேசினோம். தம்பி மேசையைத் தட்டினான். எழுத்துப் பலகை வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் நான் செய்து கொடுத்தது. 247 எழுத்தையும் ஒட்டினால் விரல் தேடிக் களைத்துப்போகும். அதனால் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு மட்டும்; மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் எழுத்து. விரல் நடுங்கி நடுங்கிப் போய் நின்றது. ச். ஓ. ற். உ.

"பசிக்குதாடா?" என்றாள் அம்மா. தலையை வேகமாக ஆட்டி மறுத்தான். மறுபடி விரல். அ. ங். க். அ.

சோறு. அங்க. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனுவில் சோறு என்ற சொல்லே இல்லை.

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தொண்டையில சிக்கிக்கிச்சின்னா?" என்றார். இந்த முறை அது சாக்கு இல்லை, நிஜமான பயம். நான் பழைய டீச்சர் ஆனேன். நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், தாடை லேசாகக் கீழே, சின்ன ஸ்பூன், குழைத்த சோறு, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். எழுதி சத்துணவு அம்மாவிடம் ஒரு நகல், தலைமையாசிரியரிடம் ஒரு நகல். அவர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்: ஆகஸ்டு முதல் வகுப்பு கீழே மாற்றப்படும், ரேம்புக்குக் கருத்துரு அனுப்பப்படும். முத்திரையோடு. ஜெராக்ஸ் மூன்று எடுத்தேன்.

04 ஆகஸ்டு, திங்கள்

வேனில் அனுப்ப மனசு வராமல் அவன் அப்பா டிவிஎஸ்-50-இல் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நான் போகவில்லை. போகத்தான் ஆசை, ஆனால் நான் போய் நின்றால் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

நாலரைக்குப் போன். "டீச்சர், நான் குழைச்சுக் குடுத்த டப்பா அப்படியே வந்துடுச்சு. தொறக்கவே இல்ல. சட்டையெல்லாம் சாம்பாரு." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பின்னால் அவன் குரல் கேட்டது, என்ன சொன்னான் என்று புரியவில்லை. "என்னவாம்?" என்றேன்.

"முட்டைய சின்னவளுக்குக் குடுக்காம முழுசாத் தின்னுட்டானாம். அதச் சொல்றான்."

ரேம்ப் இன்னும் 180 சென்டிமீட்டர்தான். வாக்கரோடு அவனை இரண்டு பையன்கள் பிடித்து ஏற்றுகிறார்கள். அடுத்த திங்கள் மஞ்சக்குப்பம் போக வேண்டும், ஒரு மனு, ஒரு கோரிக்கை. பெரியவருக்கு ஒரு ஸ்டேப்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவருடையதைத் தெரியாமல் என் பையில் போட்டுக்கொண்டு வந்து, எங்கேயோ தொலைத்துவிட்டேன்.