ஐந்தாவது பெயர்

கிறிஸ்துமஸ் பரிசுக்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு என்ன வாங்கினேன், எவ்வளவு ஆயிற்று என்று எல்லாம் அதில் இருக்கும். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்; பழிக்குப் பயந்து எழுதுவது.

அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், தங்கைக்கு ஒரு மகள். ஒருமுறை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தேன். தங்கை மகளுக்குப் பெரிய பெட்டி போயிற்று. அண்ணனின் நடுப்பிள்ளை வாய் திறக்கவில்லை, தன் சிறு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்தான். அடுத்த ஆண்டு தலைக்கு இவ்வளவு என்று மாற்றினேன். "அங்கே மூன்று போகிறது, எனக்கு ஒன்றுதானா?" என்றாள் தங்கை. கடைக்குட்டியோ அக்காவுக்கு மூன்று பொட்டலம், தனக்கு ஒன்றே ஒன்று என்று அழுதான். நோட்டில் இருவருக்கும் ஒரே தொகைதான். நான்கு வயதுக்காரனிடம் நோட்டைக் காட்டி என்ன பயன்?

போன ஆண்டு தங்கை மறுமணம் செய்துகொண்டாள். அவள் கணவரின் பத்து வயது மகனும் எங்களோடு வந்து உட்கார்ந்தான். (தங்கையும் இப்போது தலைக்கணக்குதான் பேசுகிறாள்.) அம்மா நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பெரிய பெரிய பொருளாக வாங்கியிருந்தார். அவனுக்கு ஒரு பேனா.

"அவனுக்கு அவன் பாட்டி வீட்டிலும் வருமே, மொத்தத்தில் சரியாகிவிடும்" என்றார். கணக்குப்படி தப்பே இல்லை. ஆனால் அவனுடைய பாட்டி கொடுத்தது அந்தக் கூடத்தில் இல்லையே.

2003இல் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கப்புச்சின் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வாளர் தந்த கூழாங்கல்லைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு கிடைக்கும், வாங்கித் தின்னும். அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்துவிட்டால், பல வேளைகளில் வெள்ளரியை ஏற்க மறுத்துவிடும். அதே வெள்ளரிதான்! அம்மாவிடம் குரங்குக் கதை எடுபடாது என்பதால் பைபிளில் யாக்கோபு தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களின் பகையைத் தேடித்தந்த பலவருண அங்கியை நினைவுபடுத்தினேன்.

"அவன் யாக்கோபுக்குச் சொந்தப் பிள்ளை" என்றார் அம்மா.

பையன் எழுந்து வந்து, "நன்றி, பாட்டி" என்று முறையாகச் சொன்னான். பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மாலை முழுவதும் இருந்தான். கிளம்பிய பிறகு பார்த்தால் பேனா நாற்காலியிலேயே கிடந்தது. மறந்துவிட்டான் என்றார் அம்மா. நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டுப் பட்டியலை அம்மாவே கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்தாவது பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

"அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை.