வியட்நாம் தலைவர்களைக் குழப்பிக்கொள்ளாமல் படிக்க

எம்.ஏ. வரலாற்றில் தென்கிழக்கு ஆசியா தாளுக்குப் படித்தபோது என்னை அதிகம் படுத்தியது வியட்நாம்தான். போர் புரிந்துவிடும், ஆள்கள்தான் மனதில் நிற்க மாட்டார்கள். மாதிரித் தேர்வில் "1975இல் ஹோ சி மின் சைகோனைக் கைப்பற்றினார்" என்று எழுதிவிட்டேன். திருத்தியவர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் "1969" என்று மட்டும் எழுதியிருந்தார். வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் இறந்த ஆண்டு அது; தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. அப்புறம்தான் படிக்கிற முறையையே மாற்றினேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். அங்கே குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். நாம் இனிஷியலை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். கூப்பிடுவதும் கடைசிப் பெயரால்தான், அதனால் வோ ஙுயென் கியாப் என்பவர் ஜெனரல் கியாப், ஙோ டின் தியெம் என்பவர் தியெம். ஙுயென் என்கிற குடும்பப் பெயர் அங்கே ஏராளமானவர்களுக்கு உண்டு, அதை மட்டும் எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் நாக்கு புரளாத இந்தப் பெயர்களை ங போட்டு எழுதிப் பார்த்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டன. ஹோ சி மின் மட்டும் விதிவிலக்கு, அது அவர் பின்னாளில் வைத்துக்கொண்ட பெயர். மக்கள் அவரை "பாக் ஹோ" என்பார்கள். பாக் என்றால் அப்பாவுக்கு மூத்தவர், அதாவது நம் முறையில் பெரியப்பா. ஆங்கிலப் புத்தகங்களில் வெறும் "அங்கிள்" என்று படித்தபோது வராத நெருக்கம் இதில் வந்தது.

அடுத்து, 1954 முதல் 1975 வரை. நோட்டின் நடுப்பக்கத்தைப் படுக்கவைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன், அதுதான் 1954இல் நாட்டை இரண்டாகப் பிரித்த 17ஆவது அட்சக்கோடு. மேலே வடக்கு, கீழே தெற்கு. மேலே அதிக மாற்றமில்லை: 1969 வரை குடியரசுத் தலைவர் ஹோ சி மின், அவருக்குப் பின் டோன் டுக் தாங், 1955 முதல் பிரதமர் பாம் வான் டோங், 1960 முதல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் (பின்னாளில் இதே பதவிக்குப் பொதுச்செயலாளர் என்று பெயர்) லே டுவான். கீழேதான் அடித்தல் திருத்தல். 1955 முதல் 1963 வரை தியெம், அப்புறம் நான்கு வருடம் தளபதிகள் மாறி மாறி, 1967 முதல் ஙுயென் வான் தியூ. 1963இல் தியெமைக் கவிழ்த்த தளபதிகளுக்குத் தலைமை தாங்கிய டுவோங் வான் மின்தான் 1975 ஏப்ரல் 30இல் சரணடைவை அறிவித்த கடைசி அதிபரும். அவர் பெயரை இரண்டு முனையிலும் எழுதினால் நடுவில் உள்ளவர்கள் தானாக வரிசையில் நிற்பார்கள்.

நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் பதவி. குடியரசுத் தலைவர், பிரதமர் என்றெல்லாம் இருந்தாலும், அங்கே முதல் இடம் கட்சியின் பொதுச்செயலாளருக்குத்தான். ஹோ சி மின்னின் கடைசி வருடங்களிலேயே போர் முடிவுகளில் லே டுவானின் கைதான் ஓங்கியிருந்தது, 1986 ஜூலையில் சாகும்வரை அவர்தான் கட்சித் தலைமை. இதை ஒரு வரி எழுதினாலே விடைக்குக் கனம் வந்துவிடும். அதே 1986 டிசம்பரில் ஆறாவது கட்சி மாநாடு, ஙுயென் வான் லின் பொதுச்செயலாளர், "டோய் மோய்" (புதுப்பித்தல்) என்ற பொருளாதாரச் சீர்திருத்தம். இடையில் ஐந்து மாதம் பொறுப்பில் இருந்த ட்ருவோங் சின்னை விட்டுவிடாதீர்கள். 1956இல் நிலச்சீர்திருத்தத்தில் நடந்த தவறுகளுக்காக இதே பதவியை இழந்தவர், முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து சந்தைக்குக் கதவைத் திறக்கத் துணை நின்றார். எனக்கு இவர்களில் மிகவும் பிடித்த பாத்திரம் அவர்தான்.

அண்மைக் காலத்துக்கும் இதே அளவுகோல்தான். 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஙுயென் சுவான் பூக் விலகினார், அடுத்து வோ வான் துவோங், டோ லாம், 2024 அக்டோபரில் லுவோங் குவோங். இரண்டே வருடத்துக்குள் நான்கு பேர், ஆனால் ஆட்சி ஆட்டம் காணவில்லை, கட்சிதான் காரணம். 2011 முதல் பொதுச்செயலாளராக இருந்த ஙுயென் பூ ட்ரோங் 2024 ஜூலையில் இறந்ததும் அந்த இடத்துக்கு டோ லாம் வந்தார். தேர்வுக்கு முந்தின வாரம் பதவிகளைச் செய்தித்தாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி, தியெம் வீழ்ந்தது ஏன் என்பது. தியெமை அதிபராக்கிய 1955 பொதுவாக்கெடுப்பில் சைகோனில் பதிவான வாக்காளர்களைவிட அதிக வாக்கு விழுந்ததில் தொடங்கினேன். தம்பி ஞுவின் கையில் ரகசியப் போலீஸ், அண்ணன் ஹுவே நகரின் கத்தோலிக்கப் பேராயர் என்று குடும்ப ஆட்சியைச் சொல்லி, 1963 மே மாதம் ஹுவேயில் புத்தர் கொடிக்குத் தடை, துப்பாக்கிச்சூடு, ஜூன் 11இல் சைகோன் நாற்சந்தியில் பிக்கு திக் குவாங் டுக் தீக்குளித்தது, நவம்பர் 2இல் தியெமும் தம்பி ஞுவும் கவச வண்டிக்குள் கொல்லப்பட்டது வரை எழுதி முடித்தபோது கூடுதல் தாள் கேட்க வேண்டியிருந்தது.