பவானி ஜமக்காளக் கடைக்கு இணையதளம்: இதுவரை செய்தவை

பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு செய்வதால் பொறுப்பு கூடுதல். அவரிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபக்காரர்களும் கோயில் நிர்வாகிகளும்தான். எல்லோரும் போனில்தான் பார்ப்பார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், சிக்னல் சுமாராக இருக்கும் ஊரிலும் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தேன்.

தளம் செய்யப் பலரும் எடுக்கும் வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான். ஆனால் அதில் சேர்க்கும் பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) அடிக்கடி அப்டேட் செய்ய ஆள் வேண்டும். இந்தக் கடையில் மாறுவது விலைப்பட்டியலும் படங்களும் மட்டுமே. அதனால் ஹியூகோ என்ற கருவியை வைத்து, முன்கூட்டியே தயாரித்து வைக்கும் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாகவே செய்தேன். தளத்தை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போடலாமே என்று தோன்றும். இணைய வியாபாரம் நடத்தும் தளங்களுக்கு அதில் இடமில்லை என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. அதனால் நான் அதே மாதிரியான கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் போட்டேன்.

எழுத்துருவில்தான் அதிக நேரம் போனது. கட்டுரைப் பகுதிக்குத் தனியாக எழுத்துரு இறக்கவே தேவையில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ என்று கருவியிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இறக்கும் அளவு பூஜ்யம். தலைப்புகளுக்கு மட்டும் கட்டமரான் எழுத்துருவில் ஒரே ஒரு தடிமனை எடுத்து, ஃபாண்ட்டூல்ஸ் என்ற கருவி கொண்டு தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி, இணையத்துக்கான சுருக்கிய எழுத்துரு வடிவமான வோஃப்2-இல் வைத்தேன். இப்படி வெட்டும்போது எழுத்துகளை இணைக்கும் விதிகளும் சேர்ந்து போய்விட்டால் கு, டி, ணூ எல்லாம் உடைந்து தெரியும். வெட்டி முடித்ததும் ‘ஸ்ரீ’ சரியாக வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் ஊர்க் கடைப் பெயர்களில் பாதி அதில்தானே தொடங்குகிறது! வரி இடைவெளியையும் 1.7 அளவுக்குக் கூட்டினேன். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கும் இடைவெளியில் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது படங்கள். போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் சில எம்பி இருந்தன. அகலத்தைக் குறைத்து, கோப்பைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவுக்கு மாற்றி, திரைக்குக் கீழே இருப்பவற்றுக்கு லேசி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போட்டேன். பக்கம் பறந்தது. ஆனால் அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “என்னங்க தம்பி, பட்டையெல்லாம் கலங்கின மாதிரி இருக்குது?” என்றார். உண்மைதான். சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் சந்திக்கும் ஓரம் மங்கியிருந்தது. தகவலில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கும் ‘இழப்புள்ள’ வெப்பியில் வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும், நிறத் தகவலோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான். முகங்களிலும் மரம் செடிகளிலும் இது கண்ணுக்குத் தெரியாது. அழுத்தமான நிறங்கள் கோடு போட்டதுபோல் பிரியும் ஜமக்காளத்தில் உடனே தெரிந்துவிடும். மாற்றும்போது ‘ஷார்ப் ஒய்யூவி’ (Sharp YUV) என்ற விருப்பத்தைச் சேர்த்தேன், ஓரங்கள் நன்றாகத் தேறின. முகப்பில் வரும் பெரிய படத்தை மட்டும் ஏவிஐஎஃப் (AVIF) என்ற இன்னொரு பட வடிவில், நிறத் தகவல் குறையாமல் வைத்தேன். துணிக் கடைக்குத் தளம் செய்கிறவர்கள் கோப்பின் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. அவர் விற்பதே அந்த நிறத்தைத்தான்.

பக்க முகவரிகளைத் தமிழில் வைக்க எனக்கு ஆசைதான், வைத்தும் பார்த்தேன். ‘ஜமக்காளம்’ என்பது கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 9 குறிகள். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரிந்து, அந்த ஒரு சொல் மட்டும் 81 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக நிற்கிறது. வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்துவிடுவார். அதனால் முகவரி மட்டும் சின்ன ஆங்கில எழுத்தில், உள்ளே எல்லாம் தமிழில்.

தளத்திலேயே பொருளைக் கூடையில் சேர்த்துப் பணம் கட்டும் ஏற்பாட்டை இப்போதைக்கு விட்டுவிட்டேன். ஐம்பது ஜமக்காளம் வாங்கும் மண்டபக்காரர் அளவு, கரை, தேதி எல்லாம் பேசித்தான் வாங்குவார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வாட்ஸ்அப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்த ஜமக்காளத்தின் எண்ணோடு செய்தி தயாராக வந்து நிற்கும். பேசி முடித்தபின் யூபிஐயில் பணம்.

தொழிலாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது டொமைன், அதாவது தளத்தின் பெயர் முகவரி, விஷயம். அதைக் கடைக்காரர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவர் பணத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டால் நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் அவர் உங்களைத் தேடி அலைய வேண்டும். டாட் காம் போன்ற டொமைன்களில் பதிவு செய்து 15 நாளுக்குள் மின்னஞ்சலை உறுதி செய்யாவிட்டால் டொமைனை முடக்கிவிடுவார்கள். கடைக்காரர்கள் பலர் மெயிலையே திறப்பதில்லை. நான் கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் போனிலேயே அந்த லிங்க்கை அழுத்த வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். புதுப்பிக்கும் தேதியைக் கல்லாவுக்கு மேலிருக்கும் காலண்டரில் எழுதி வைத்தோம்.

கட்டணத்தை இரண்டாகப் பிரித்தேன். செய்து கொடுப்பதற்கு ஒரு தொகை, ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகை. பராமரிப்பில் என்னென்ன அடங்கும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: விலை மாற்றம், புதுப் படம், தளம் திறக்கவில்லை என்றால் பார்ப்பது. புதிய பக்கம் வேண்டுமென்றால் தனிக் கணக்கு. அவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். முழுத் தளத்தின் நகலும் ஒரு பென் டிரைவில் அவரிடமே இருக்கிறது.

முக்கியப் படம் திரையில் வர 2.5 விநாடிக்குள் ஆனால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். பக்கத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸ் கருவியில் மெதுவான 4ஜி வேகத்தில் வைத்துப் பார்த்ததில் முகப்பு அதற்குள் வந்துவிட்டது. விலைப்பட்டியல் பக்கம் இன்னும் வரவில்லை. எல்லா ரகங்களும் ஒரே பக்கத்தில் இருப்பதுதான் காரணம். அளவுவாரியாகப் பிரிப்பதா, கரைவாரியாகப் பிரிப்பதா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். மண்டபக்காரர்கள் அளவைத்தான் முதலில் கேட்பார்கள் என்கிறார். வரும் ஞாயிறு அப்படியே பிரிக்கப் போகிறேன்.