வெண்ணெய்க்குக் குடை பிடிக்க முடியாது

மதுரையில் பதினேழு வருடமாக எடிட்டிங் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடியோ, காதுகுத்து, நகைக்கடை விளம்பரம், இடையிடையே கல்லூரி மாணவர்களின் குறும்படம் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். மாணவர்களை இரவு எட்டு மணிக்கு மேல் வரச்சொல்வேன். பகல் வேலை அதற்குள் ஓய்ந்துவிடும், அவர்கள் படத்துக்கு நிதானமாக உட்கார முடியும்.

அப்படித்தான் ஒரு சித்திரை மாதத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவி ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். திரைக்கதை என்று நீட்டிய தாளில் ஆறே வரி இருந்தது. குறுந்தொகை 58ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் எழுதியது.

இடிக்கும் கேளிர் நும்குறை ஆக
நிறுக்கல் ஆற்றினோ நன்றுமன் தில்ல
ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே

காதலில் உருகிப் போனவனை அவன் நண்பன் திட்டுகிறான். அதற்கு அவன் சொல்லும் பதில் இது. திட்டுவதற்குப் பதில் நான் உருகாமல் நிறுத்த முடிந்தால் நல்லது. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் இருக்கிறது. கையும் இல்லாத, பேச்சும் இல்லாத ஒருவன் அதைக் கண்ணால் மட்டும் காவல் காக்கிறான். அந்த வெண்ணெய் போல இந்த நோய் என்மேல் பரவிவிட்டது, தாங்க முடியவில்லை. இவ்வளவுதான் பாட்டு. ‘உணங்கல்’ என்பது வெயிலில் காயப்போட்ட பொருளுக்கு வழங்கும் சொல். மீனையோ தானியத்தையோ காயப்போட்டால் பறவை வராமல் ஒருவர் காவல் இருப்பார். இங்கே திருடுவதே வெயில்தான், அதை எப்படி விரட்டுவது? ஆணின் வலியை இவ்வளவு கிட்ட நின்று சொன்னவர் ஒரு பெண் புலவர். அகநானூற்றில் ஔவையார் பாடிய 147ஆம் பாட்டில் வெள்ளிவீதியின் பெயரே உவமையாக வருகிறது. அந்த மாணவிக்கு இதெல்லாம் மனப்பாடம்.

முதல் ரஃப் கட், அதாவது ஷாட்டுகளைத் தோராயமாக ஒட்டிப் பார்த்த வடிவம், ஒன்பது நிமிடம். ஓர் அறையில் இளைஞன் கட்டிலில் சுருண்டு கிடக்கிறான். போன் அடிக்கிறது. அப்புறம் பாறை, வெண்ணெய். கைகளைப் பின்னால் கட்டிய ஒருவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மறுபடி இளைஞன் முகம், மறுபடி வெண்ணெய். மேலே மாணவியின் குரலிலேயே பாட்டு. ஒவ்வொரு ஷாட்டும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாட்டைத் தாளில் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது, திரையில் அது இல்லை.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. பாட்டில் ‘போல’ என்று ஒரு சொல் இருக்கிறது. சினிமாவில் அந்தச் சொல் கிடையாது. கேமரா முன் வெண்ணெயை வைத்தால் அது வெண்ணெய்தான், எதைப் போலவும் இல்லை. இளைஞன் வேறு இடத்தில் இருக்கிறான், வெண்ணெய் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், பார்ப்பவர் “ஓ, இவனும் அப்படித்தான் உருகுகிறான் போல” என்று புரிந்துகொள்வார். புரிவதோடு சரி.

தொல்காப்பியம் உவமவியலின் தொடக்கத்திலேயே வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று உவமைக்கு நான்கு அடிப்படை சொல்கிறது. எடிட்டிங் படிக்கிற பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் கட் பண்ணுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். மாணவி முதலில் ஒட்டியது எல்லாம் மெய்யை, அதாவது வடிவத்தை வைத்து. கண்ணீர்த் துளிக்கு அடுத்து வெண்ணெய்த் துளி, வளைந்த முதுகுக்கு அடுத்து வளைந்த பாறை. பாட்டு வடிவத்தைப் பேசவில்லை, ‘பரந்தன்று’ என்று வினையைப் பேசுகிறது. 1925இல் வந்த ‘ஸ்ட்ரைக்’ படத்தின் முடிவில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் தொழிலாளர்கள் கொல்லப்படுவதையும் மாடு அறுக்கப்படுவதையும் மாற்றி மாற்றி வைத்தார். அங்கே தொழிலாளியின் தோற்றமும் மாட்டின் தோற்றமும் ஒன்றில்லை, கொல்வது ஒன்று. அதனால்தான் அது இன்றைக்கும் அடிக்கிறது.

சரி என்று வினையை வைத்து மறுபடி கட் பண்ணிப் பார்த்தோம். சட்டையில் வியர்வை பரவுகிறது, வெண்ணெய் பரவுகிறது. முன்னைக்கு நன்றாக வந்தது. ஆனாலும் கைகள் கட்டப்பட்ட அந்த மனிதர் இடித்துக்கொண்டே இருந்தார். கயிற்றைப் பார்த்தால் கைதி நினைவு வருகிறது, அது வேறு கதை. இன்னொன்றும் உறுத்தியது. கையும் பேச்சும் இல்லாத ஒருவர் பாட்டில் ஒரு வரியாக வந்து போகிறார். திரையில் ஓர் ஆளாக வந்து உட்கார்ந்தால் அவருக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும். அடுத்தவனின் காதல் வலிக்கு அவரை அடையாளமாக மட்டும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைச் சொன்னேன். மாணவி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

“அவரை எடுத்துடலாம்ணா.”

“எடுத்துட்டா அப்புறம் யாரும்மா வெண்ணெயைப் பார்க்கிறது?”

“கேமரா பார்க்குதுல்ல. அதுக்குக் கை இருக்கா, வாய் இருக்கா?”

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். கேமராவை அப்படி நான் யோசித்ததே இல்லை.

மறுபடி எடுக்க மேலூர்ப் பக்கம் ஒரு பாறைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். முதல்முறை உச்சி வெயிலில் எடுத்ததில் வெண்ணெய் வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துபோயிருந்தது, கூடுதலாக விழுந்த வெளிச்சத்தை என்ன கலர் கரெக்‌ஷன் செய்தாலும் மீட்க முடியாது. இந்த முறை பத்து மணி வாக்கில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, வெண்ணெய்க்கு ஏற்றபடி எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தின் அளவு, வைத்தோம். பாறை கறுத்து நின்றது. கடையில் வாங்கின பசு வெண்ணெய் மஞ்சளாகத் தெரியும் என்று அவர் அத்தை வீட்டில் எருமைத் தயிர் கடைந்து எடுத்து வந்திருந்தார். அது சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. கடைந்த மத்தின் தடம்கூட அதில் இருந்தது. வழியில் உருகாமல் இருக்கத் தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டிருந்தார்.

எலுமிச்சை அளவு ஒரு உருண்டை. பாறையில் வைத்ததும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடியில் ஈரம் மாதிரி ஒரு கோடு ஓடியது. பாறையின் சொரசொரப்புக்குள் நெய் இறங்கி, கறுப்பை இன்னும் கறுப்பாக்கியது. மேலே உருண்டை அப்படியே இருக்கிறது, கீழே அது போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்தது. ஓர் எறும்பு விளிம்புவரை வந்து, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இரண்டாவது டேக்கில் கேமரா சூடேறி அணைந்துவிட்டது. உடனே இரண்டு பையன்கள் ஓடிவந்து கேமராவுக்குக் குடை பிடித்தார்கள். நிழல் ஃபிரேமுக்குள் விழக்கூடாது என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கேமராவுக்குப் பிடிக்கலாம், வெண்ணெய்க்குப் பிடிக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது டேக் நான்கு நிமிடம் இருபது நொடி, முழுசாகக் கிடைத்தது. நான் வழக்கப்படி நாற்பது நொடியில் வெட்டி இளைஞனுக்குப் போனேன். கல்யாண வீடியோவில் மூன்று நொடிக்கு மேல் ஒரு ஷாட் நின்றால் கை தானாகவே கட் கொடுத்துவிடும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1953இல் நியூயார்க்கில் கவிதையும் சினிமாவும் பற்றிய ஒரு கருத்தரங்கில் பேசியதை எடுத்துச் சொன்னார்: நாடகம் அடுத்தது என்ன என்று கிடைமட்டமாக நகரும், கவிதை ஒரே கணத்துக்குள் செங்குத்தாக இறங்கும். “நீங்க கட் பண்ணும்போதெல்லாம் நான் தப்பிச்சு வெளியே போயிடறேன்ணா” என்றார். அவர் சொன்னதுதான் சரி. கட் என்பது ஒரு கை. எடிட்டர் கை நீட்டி அந்த வெண்ணெயிடமிருந்து பார்வையாளரை நகர்த்திவிடுகிறார். கை இல்லாதவன் பார்ப்பது என்று முடிவு செய்த பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை. வெட்டாமல் அப்படியே விட்டேன்.

மிச்சமெல்லாம் ஒலியில் நடந்தது. பாட்டு வாசிப்பை எடுத்துவிட்டோம். பதிலாக, இளைஞனுக்கு நண்பர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வெண்ணெய் ஷாட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். “டேய் விடுறா”, “சாப்பிட்டியா இல்லையா”, “இதெல்லாம் ஒரு விஷயமாடா”. இடிக்கும் கேளிர். அவர் தன் வகுப்புப் பையன்களிடம் நிஜமாகவே போனில் பேசச்சொல்லி வாங்கினார். ஸ்டுடியோ சுத்தம் அதில் இல்லை, பின்னணியில் பஸ் ஹாரன் கேட்கும். யாருக்கும் அவன் பதில் சொல்வதில்லை. கடைசி இருபது நொடி குரல்கள் நின்று காற்று மட்டும். அப்புறம் கறுப்புத் திரையில் ஆறு வரிகள். படம் மொத்தம் ஆறு நிமிடத்துக்குள் முடிந்தது.

கல்லூரியில் திரையிட்ட அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் நிமிடம் செருமல், நாற்காலி சத்தம். வெண்ணெய் ஷாட் வந்தது. ஒரு நிமிடம் தாண்டியதும் இரண்டு பேர் போனை எடுத்தார்கள். உருண்டை சாய்ந்த இடத்தில் போன்கள் இறங்கின. மூன்றாவது நிமிடம் கடந்து கொஞ்சத்தில், என் முன் வரிசையில் ஒரு பையன் தன்னை மறந்து சத்தமாகவே சொன்னான்:

“யாராச்சும் அதை எடுத்து நிழல்ல வைங்கடா.”

யாரும் சிரிக்கவில்லை. மாணவி திரும்பிப் பார்க்கவும் இல்லை. இருட்டில் நோட்டை எடுத்து, படத்தில் அது எத்தனையாவது நொடி என்று காட்டும் டைம்கோடைக் குறித்துக்கொண்டார். அன்று இரவு எட்டரைக்கு மறுபடி ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். அந்தப் பையன் பேசிய இடத்துக்கு முன்னால் வரும் நண்பனின் குரல் ஒன்று இடைஞ்சலாக இருப்பதாகவும் அதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். டைம்லைனைத் திறந்தோம்.